எட்டும் பதினாறும்

அண்டை அணுக்கள்: இடைநிலை உலோக ஆக்சைடுகளின் வரலாறு – பகுதி 5

சென்ற வாரம் 1929-இல் நிறுத்தியிருந்தோம். ஜெர்மனியில் ஹான்ஸ் பெத்தே என்ற இளைஞர் போட்ட கணக்கு, ஓர் உலோக அயனியை அதன் அக்கம்பக்கம் என்ன செய்யும் என்று காட்டியிருந்தது. தனித்து நிற்கும் அயனியில் ஐந்து டி ஆர்பிட்டால்களும் ஒரே ஆற்றலில் இருக்கும். அதைக் கொண்டுபோய்ப் படிகத்துக்குள் வைத்ததும் அந்தச் சமநிலை உடைந்துவிடும்.

ஆறு ஆக்சிஜன்கள் எண்முகி வடிவில் சூழ்ந்தால் மூன்று ஆர்பிட்டால்கள் தாழும், இரண்டு உயரும். நான்கு ஆக்சிஜன்கள் நான்முகி வடிவில் சூழ்ந்தால் இரண்டு தாழும், மூன்று உயரும். பிளவின் அளவும் முன்னதில் 4/9 பங்காகச் சுருங்கிவிடும்.

காந்தவியலை ஆராய்ந்தவர்கள் சிலர் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். சூளையும் தராசுமாக ஆக்சைடுகளோடு போராடிக்கொண்டிருந்த வேதியியலாளர்களின் மேசைக்கு அது வந்து சேரவில்லை. அவர்கள் அதே உண்மையை வேறொரு வாசல் வழியாகத் தொட்டார்கள். அந்த வாசலைத் திறந்தது ஒரு கருப்புக் கல்.

*

மேக்னடைட். நம் வழக்கில் காந்தக்கல். சேலத்துக் கஞ்சமலையின் பாறையில் கருவரிகளாக ஓடுவதும் இதே கனிமம்தான். மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன் என்பது அதன் விகிதம்.

1915-இல் இங்கிலாந்தில் பிராக்கும் ஜப்பானில் ஷோஜி நிஷிகாவாவும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்த வகைப் படிகங்களின் உள்ளமைப்பைத் தனித்தனியே கண்டறிந்தார்கள். ஸ்பைனல் என்ற மாணிக்கச் சிவப்புக் கல்லுக்கும் மேக்னடைட்டுக்கும் ஒரே கட்டமைப்பு என்று தெரிந்தது.

அந்தக் கட்டமைப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இந்த வாரக் கதை முழுதும் அதன் மேல்தான் நிற்கிறது.

ஓர் அலகுக்கூட்டில் 32 ஆக்சிஜன் அயனிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் 24 இரும்பு அயனிகள். இடுக்குகள் இரண்டு வகை: நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்த நான்முகி இடங்கள், ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்த எண்முகி இடங்கள். இரும்பு உட்காரும் நான்முகி இடங்கள் 8. எண்முகி இடங்கள் 16.

இனி மின்சுமை. ஆக்சிஜன் ஒவ்வொன்றும் இரண்டு எதிர்மின்சுமை சுமக்கிறது. அதைச் சரிக்கட்ட வேண்டுமானால் மூன்று இரும்பில் ஒன்று 2+, இரண்டு 3+ ஆக இருக்க வேண்டும். அலகுக்கூடு முழுதுக்கும் பெருக்கினால் 2+ இரும்பு 8, 3+ இரும்பு 16.

எட்டு இடம், எட்டு அயனி. பதினாறு இடம், பதினாறு அயனி.

இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கணக்கை யார் சந்தேகிப்பார்கள்? 2+ எல்லாம் நான்முகியில், 3+ எல்லாம் எண்முகியில் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்பைனல் கல்லில் மக்னீசியமும் அலுமினியமும் ஏறக்குறைய அப்படித்தான் அமர்ந்திருந்தன. இரும்பு மட்டும் ஏன் மாற வேண்டும்?

*

நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் நகரம். பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். மின்விளக்கும் ரேடியோ வால்வும் செய்யும் நிறுவனத்துக்கு எந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்தும், எது தடுக்கும் என்பது பிழைப்பு சார்ந்த கேள்வி. ஆனால் அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கு அடிப்படைக் கேள்விகளின் பின்னால் போகவும் இடம் இருந்தது. அந்த இடம் கிடைக்காமல் போயிருந்தால் இந்தத் தொடரின் பாதி அத்தியாயங்கள் எழுதப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

யான் ஹென்ட்ரிக் டி போயர் அங்கே முன்பே பெயர் பெற்றவர். வான் ஆர்கெலுடன் சேர்ந்து, அயோடைடு வழியாக மிகத் தூய சிர்கோனியத்தைப் பிரித்தெடுத்தவர். 1934-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் எவர்ட் வெர்வே. வயது 29. அவர் பழகியது கூழ்மங்களின் வேதியியல். கூழ்ம நிலைப்புத்தன்மை பற்றிய கொள்கையில் இன்றும் மாணவர்கள் படிக்கும் நான்கு பெயர்களுள் வெர்வேயும் ஒன்று. படிகங்களுக்கு அவர் புதியவர்.

இருவர் முன்னாலும் இருந்தது ஒரு முரண்.

மேக்னடைட் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது. உலோகத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆக்சைடுகளுக்குள் அது தனித்து நிற்கிறது. அதே இரும்பின் இன்னோர் ஆக்சைடான ஹேமடைட் அறை வெப்பநிலையில் கிட்டத்தட்ட கடத்துவதே இல்லை.

மேக்னடைட்டில் 2+, 3+ இரண்டும் கலந்திருப்பதுதான் காரணம் என்று சொல்லிவிடலாமா? 2+ இரும்பு ஓர் எலக்ட்ரானை அடுத்திருக்கும் 3+ இரும்புக்குக் கொடுக்கும். கொடுத்தது 3+ ஆகும், வாங்கியது 2+ ஆகும். அந்த எலக்ட்ரான் அங்கிருந்து அடுத்ததற்குத் தாவும். விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மேக்னடைட்டுக்கு இரண்டு உறவுகள் உண்டு. மாங்கனீசு மூன்று, ஆக்சிஜன் நான்கு. கோபால்ட் மூன்று, ஆக்சிஜன் நான்கு. இரண்டும் ஸ்பைனல் வகைக் கட்டமைப்பு. இரண்டிலும் 2+, 3+ அயனிகள் அதே விகிதத்தில் கலந்திருக்கின்றன. இரண்டும் மேக்னடைட்டைவிட லட்சக்கணக்கான மடங்கு மோசமான கடத்திகள்.

கலப்பு இருந்தால் போதும் என்றால் மூன்றும் கடத்த வேண்டும். ஒன்று மட்டும் கடத்துகிறது. ஏன்?

*

துப்பு அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. 1932-இல் வாஷிங்டன் கார்னெகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டாம் பார்த், யூஜின் போஸ்ன்யாக் என்ற இருவர், சில ஸ்பைனல்களில் எட்டும் பதினாறும் கணக்கு பொய்த்துப்போவதை எக்ஸ் கதிர்களால் காட்டினார்கள்.

மக்னீசியமும் இரும்பும் சேர்ந்த ஸ்பைனலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்முகி இடங்களில் பெருமளவு இருப்பது 3+ இரும்பு. எண்முகி இடங்களை மக்னீசியமும் மீதி இரும்பும் கலந்து பகிர்ந்துகொள்கின்றன. வரிசை புரண்டு கிடக்கிறது. இதைப் புரட்டு ஸ்பைனல் என்று சொல்லலாம். பார்த்தையும் போஸ்ன்யாக்கையும் இன்று அதிகம் பேர் நினைப்பதில்லை. அவர்கள் இல்லாமல் அடுத்த அடி விழுந்திருக்காது.

மேக்னடைட்டும் புரட்டு ஸ்பைனலாக இருந்தால்?

சோதித்துப் பார்க்க எக்ஸ் கதிர் உதவவில்லை. எக்ஸ் கதிர் சிதறுவது எலக்ட்ரான்களால். மக்னீசியத்தையும் இரும்பையும் அது எளிதில் பிரித்தறியும், ஏனென்றால் எலக்ட்ரான் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு. 2+ இரும்பில் இருப்பவை 24 எலக்ட்ரான்கள். 3+ இரும்பில் 23. ஒரே ஒரு எலக்ட்ரான் வித்தியாசத்தை அந்தக் காலத்து எக்ஸ் கதிர்ப் படங்களில் தேடிப் பிடிக்க வழியே இல்லை.

எக்ஸ் கதிர் கைவிட்ட இடத்தில் வெர்வேயும் டி போயரும் மின்தடையைச் சாட்சிக்கு அழைத்தார்கள். 1936-இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையின் துணிச்சல் அங்கேதான் இருக்கிறது.

அவர்கள் வாதம் இப்படிப் போகிறது. மேக்னடைட் புரண்ட அமைப்பாக இருந்தால் 3+ இரும்பில் பாதி, அதாவது 8 அயனிகள், நான்முகி இடங்களுக்குப் போய்விடும். மீதி 8-ம், 2+ இரும்பு 8-ம் சேர்ந்து 16 எண்முகி இடங்களை நிரப்பும். அப்போது ஒரே வகை இடத்தில், ஒரே வகைச் சூழலில், இரண்டு மின்சுமைகளும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. 2+ இரும்பிலிருந்து எலக்ட்ரான் பக்கத்து 3+ இரும்புக்குத் தாவினால் இரண்டும் இடம் மாறிக்கொண்டதுபோல் ஆகும். முன்னும் பின்னும் ஆற்றல் ஒன்றே. ஒரே மட்டத்தில் கிடக்கும் இரண்டு வயல்களுக்கு நடுவே வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் தானாகப் பாய்வதைப் போன்றது இது. மேட்டு வயலுக்குத்தான் ஏற்றம் இறைக்க வேண்டும்.

மாங்கனீசு, கோபால்ட் ஆக்சைடுகளில் அந்த மேடு இருக்கிறது. அவற்றில் 2+ எல்லாம் நான்முகியில், 3+ எல்லாம் எண்முகியில். எலக்ட்ரான் தாவினால் நான்முகிக்குள் ஒரு 3+, எண்முகிக்குள் ஒரு 2+ உருவாகும். இரண்டுமே தமக்கு ஒவ்வாத சூழலில் மாட்டிக்கொள்ளும். அதற்கு ஆற்றல் செலவாகும். எலக்ட்ரான் நகராது.

மூன்று ஆக்சைடுகள், ஒரே விகிதம், ஒரே வகைக் கட்டமைப்பு. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் வேறு. அந்த ஒரு வேறுபாடு ஒன்றைக் கடத்தியாக்கி மற்ற இரண்டையும் தடுப்பானாக்கிவிட்டது.

எக்ஸ் கதிரால் பார்க்க முடியாத அணு அமைப்பை மின்தடையைக் கொண்டு படித்துச் சொன்ன இந்தத் தருணம், என் பார்வையில், ஆக்சைடு இயற்பியலின் மிகப் பெரிய திருப்பங்களுள் ஒன்று. பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம்.

*

1937 ஜூலை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் திடப்பொருள்களின் மின்கடத்தல் பற்றி ஒரு மாநாடு. டி போயரும் வெர்வேயும் அங்கே வைத்தது இன்னும் கூர்மையான சிக்கல்: நிக்கல் ஆக்சைடு.

அதில் புரட்டும் இல்லை, கலப்பும் இல்லை. உப்பின் கட்டமைப்பு. ஒவ்வொரு நிக்கலும் எண்முகியில், ஒவ்வொன்றும் 2+. எல்லா இடங்களும் ஒரே மட்டம். 1931-இல் ஆலன் வில்சன் வகுத்த ஆற்றல் பட்டைக் கொள்கைப்படி, நிக்கலின் டி பட்டையில் 10 எலக்ட்ரான்களுக்கு இடமிருக்க 8 மட்டுமே உள்ளன. அரைகுறையாக நிரம்பிய பட்டை உள்ள பொருள் உலோகம்போல் கடத்தியாக வேண்டும்.

தூய நிக்கல் ஆக்சைடு வெளிர் பச்சை நிறத் தூள். கடத்துவதில்லை.

பிரிஸ்டலில் பேராசிரியராக இருந்த நெவில் மாட், அந்த விவாதத்தில் ருடால்ஃப் பையர்ல்ஸ் சொன்ன கருத்தைப் பதிவு செய்தார். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒரு நிக்கலிலிருந்து எலக்ட்ரானை எடுத்து இன்னொன்றில் வைத்தால் அங்கே ஏற்கெனவே இருப்பவை அதை எதிர்க்கும். அந்த எதிர்ப்பு பெரிதாக இருந்தால் எலக்ட்ரான்கள் அவரவர் இடத்திலேயே நின்றுவிடும். இதிலிருந்து வளர்ந்த பெருமரத்துக்குத் தனி அத்தியாயம் வேண்டும். இங்கே அதைத் தொட்டுவிட்டு நகர்கிறேன்.

மேக்னடைட்டின் தனித்தன்மை இப்போது முழுதாக விளங்குகிறது. அதில் 2+, 3+ பிரிவு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. புதிதாகச் செலவு ஏதும் இல்லை. போதாதென்று, இரண்டும் ஒரே வகை இடத்தில். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் எலக்ட்ரான் ஓடும்.

வெர்வேயின் குழு இதைப் பின்னாளில் நேராகவே நிறுவியது. நிக்கல் ஆக்சைடில் கொஞ்சம் லித்தியத்தைக் கலந்தார்கள். லித்தியம் 1+ ஆகத்தான் நிற்கும். அதை ஈடுகட்ட ஒரு நிக்கல் 3+ ஆகியே தீர வேண்டும். எண்முகி இடங்களுக்குள் கலப்பு வந்துவிட்டது. பச்சைத் தூள் கருப்பானது. மின்தடை மடமடவென்று விழுந்தது. அந்தக் கட்டுரை 1950-இல் வந்தது.

*

1939.

மேக்னடைட்டில் எலக்ட்ரான்கள் 16 எண்முகி இடங்களுக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. குளிரவைத்தால்?

120 கெல்வின் அருகே, அதாவது மைனஸ் 153 செல்சியஸ் வாக்கில், இந்தக் கல்லுக்கு ஏதோ ஆகிறது என்பது முன்பே தெரியும். 1920-களில் அதன் வெப்ப ஏற்புத்திறனை அளந்தவர்கள் அந்த இடத்தில் ஒரு கூர்மையான எழுச்சியைக் கண்டிருந்தார்கள். காந்தத்தன்மையை அளந்தவர்களும் அங்கே ஒரு மாற்றத்தைக் குறித்திருந்தார்கள். காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

வெர்வே மேக்னடைட்டைச் சட்டங்களாகச் சுட்டு இறுக்கி, குளிர்வித்துக்கொண்டே மின்தடையை அளந்தார். 120 கெல்வின் அருகே மின்தடை ஏறக்குறைய நூறு மடங்கு தாவி ஏறியது. கொஞ்சம் சூடாக்கினால் பழைய நிலை திரும்பியது. அந்த ஆண்டே நேச்சர் இதழில் சிறு கட்டுரையாக அறிவித்தார்.

அவர் தந்த விளக்கம்: அறை வெப்பநிலையில் 2+, 3+ இரண்டும் எண்முகி இடங்களில் ஒழுங்கின்றிக் கலந்திருக்கின்றன, எலக்ட்ரான்கள் தடையின்றித் திரிகின்றன. 120 கெல்வினுக்குக் கீழே எலக்ட்ரான்கள் தமக்கென்று இடம் பிடித்து உட்கார்ந்துவிடுகின்றன. 2+ ஒரு வரிசை, 3+ ஒரு வரிசை என்று மாறி மாறி ஒழுங்கு பிறக்கிறது. ஒழுங்கு வந்ததும் ஓட்டம் நிற்கிறது.

இதற்குச் சோதனை உண்டா? வெர்வேயிடம் இருந்தது. மேக்னடைட்டில் ஆக்சிஜனைச் சற்றே கூட்டினால் 2+ இரும்பில் கொஞ்சம் 3+ ஆக மாறும். எட்டுக்கு எட்டு என்ற சமம் குலையும். வரிசை ஒழுங்குதான் காரணம் என்றால், சமம் குலையக் குலைய ஒழுங்கும் தடுமாற வேண்டும். அப்படியே நடந்தது. ஆக்சிஜன் கூடக்கூட அந்தத் தாவல் இன்னும் குறைந்த வெப்பநிலைக்கு நகர்ந்தது; அதன் கூர்மையும் மங்கியது.

1940 மே மாதம் ஜெர்மன் படைகள் நெதர்லாந்துக்குள் புகுந்தன. ஆக்கிரமிக்கப்பட்ட ஐண்ட்ஹோவனிலிருந்து 1941-இல் வெர்வேயும் சக ஆய்வாளர் ஹாய்மனும் விரிவான கட்டுரையை வெளியிட்டார்கள். 1942 டிசம்பர் 6 அன்று ஐண்ட்ஹோவனின் பிலிப்ஸ் ஆலைகள் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. ஜெர்மானியருக்கு அவை பயன்படக் கூடாது என்பதற்காக. 1944 செப்டம்பரில்தான் நகரம் விடுபட்டது.

அந்தக் காலத்தில் அளந்து எழுதப்பட்ட மாற்றம் இன்று உலகெங்கும் வெர்வே மாற்றம் என்றே அழைக்கப்படுகிறது. ஹாய்மனின் பெயர் அதில் சேராமல் போனது.

*

போருக்குப் பின் ஆதாரங்கள் வரிசையாக வந்தன.

1948-இல் பிரான்சின் லூயி நீல், நான்முகி இடங்களின் காந்தங்களும் எண்முகி இடங்களின் காந்தங்களும் எதிரெதிராக நிற்கும் என்றார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3+ இரும்பின் காந்தத் திருப்புதிறன் 5 அலகு, 2+ இரும்பினுடையது 4. பழைய எண்ணத்தின்படி எண்முகியில் இரண்டு 3+, நான்முகியில் ஒரு 2+ என்றால் பத்திலிருந்து நான்கு போக 6 கிடைக்க வேண்டும். புரட்டு அமைப்பு என்றால் எண்முகியில் 5-ம் 4-ம், நான்முகியில் எதிராக 5, மிச்சம் 4.

அளந்து கிடைத்த மதிப்பு சுமார் 4.1.

1951-இல் அமெரிக்காவில் ஷல், வோலன், கோலர் மூவரும் நியூட்ரான்களைக் கொண்டு அந்த எதிரெதிர் வரிசையை நேரடியாகவே கண்டார்கள். 1936-இன் ஊகம் உறுதியானது.

ஏன் மேக்னடைட் மட்டும் புரண்டது என்பதற்கான விடை 1957-இல் கிடைத்தது. ஒருபக்கம் டொனால்ட் மெக்ளூர், இன்னொரு பக்கம் ஜாக் டனிட்ஸ், லெஸ்லி ஆர்கெல். அவர்கள் கையில் எடுத்தது பெத்தே 1929-இல் போட்ட கணக்கின் வழி. 3+ இரும்பில் டி எலக்ட்ரான்கள் ஐந்து, ஆர்பிட்டாலுக்கு ஒன்று. தாழ்ந்ததில் கிடைக்கும் லாபத்தை உயர்ந்தது தின்றுவிடுகிறது. அதற்கு நான்முகியும் ஒன்றுதான், எண்முகியும் ஒன்றுதான். 2+ இரும்பில் ஆறு. அது எண்முகியைக் கொஞ்சம் அதிகம் விரும்பும். அதற்கு இடம் விட்டு 3+ நான்முகிக்கு நகர்கிறது. 3+ மாங்கனீசும் 3+ கோபால்ட்டும் எண்முகியை மிக வலுவாகப் பற்றிக்கொள்பவை, அவை அசையாது. ஆகவே அந்த ஆக்சைடுகள் புரள்வதில்லை, கடத்துவதும் இல்லை.

*

அறை வெப்பநிலைக் கதை இப்படி முழுதாக விளங்கிவிட்டது. 120 கெல்வினுக்குக் கீழே உள்ள கதையில் 1956-இல் ஒரு விரிசல் விழுந்தது.

பெல் ஆய்வுக்கூடத்தின் பிலிப் ஆண்டர்சன் அந்த 16 எண்முகி இடங்களின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தார். அந்த இடங்களை மட்டும் கோடுகளால் இணைத்தால், மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டு நிற்கும் நான்முகிகளின் வலை கிடைக்கிறது. ஒவ்வொரு நான்முகிக்கும் நான்கு மூலைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு 2+, இரண்டு 3+ அமைந்தால் அண்டை அயனிகளுக்கிடையிலான மின்விலக்கம் மிகக் குறைவாக இருக்கும்.

வெர்வேயின் மாறி மாறி வரும் வரிசைகள் இந்த நிபந்தனையை நிறைவு செய்கின்றன. ஆனால் அதே நிபந்தனையை அதே அளவு நிறைவு செய்யும் வேறு ஒழுங்குகளும் உண்டு. படிகம் பெரிதாகப் பெரிதாக அவற்றின் எண்ணிக்கை எண்ணி முடியாத அளவுக்குப் பெருகுகிறது. அண்டை விலக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவற்றுள் எதற்கும் முதலிடம் கிடையாது.

அப்படியிருக்க, அந்த எண்ணற்ற வழிகளுள் ஏதோ ஒன்றை மேக்னடைட் ஒவ்வொரு முறை குளிரும்போதும் தவறாமல் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. வெர்வே சொன்ன ஒழுங்கையா? அல்லது அவர் நினைத்தே பார்க்காத ஒன்றையா? அப்படியானால் அந்த எலக்ட்ரான்கள் உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன?

(தொடரும்)